பத்தொன்பது பேரை இடித்த மாடு

முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு "ஐயோ அம்மா" என்று கத்துகிற மனிசனை யன்னலுக்கு வெளியே நிற்க வைத்து, "தம்பி, நீர் மாட்டை இடிச்சனீரோ, மாடு உம்மை இடிச்சதோ? அவசரமில்லை, ஆறுதலா யோசிச்சுச் சொல்லும்" என்று கேட்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்தர்தான் பிறந்தார். அவரை நாங்கள் இலக்கத்தார் என்று சொல்லுவோம். நீங்கள் எந்தப் பதிலைச் சொன்னாலும் அதற்கு ஒரே இலக்கம்தான். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பார்.

சம்பளப் புத்தகத்தில் அவருக்கு வேறு பேர் இருந்திருக்க வேண்டும். நான் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் ஏதோ கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவர், இடம்பெயர்ந்து வந்த இடத்தில் சும்மா இருக்க ஏலாமல் எங்கள் ஆசுப்பத்திரியில் வந்து ஒட்டிக்கொண்டார் என்று சொன்னார்கள். ஒல்லி மனிசன். சட்டைப் பையில் மூன்று பேனை. ஒன்றில்தான் மை இருக்கும்.

தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டுக் காலம் அது. முள்ளியவளையிலிருந்து உள்ளுக்குப் போகிற கிரவல் றோட்டில், காட்டோரமாக அந்த ஆசுப்பத்திரி இருந்தது. பேர் வேண்டாம். கிடுகு வேய்ந்த நாலு கொட்டில், ஒரு கல் வீடு, ஒரு டொக்ரர். கல் வீட்டின் மூலை அறைதான் இலக்கத்தாரின் ராச்சியம். நான் அங்கே கூட்டித் துடைத்து, தேத்தண்ணி போட்டு, காகிதத் துண்டுகளை அடுக்குகிற வேலைக்கு நின்றேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், இலக்கம் நல்லாத் தெரியும். அதுதான் அந்த அறையில் தப்பிப் பிழைத்தேன்.

அங்கே நடந்த வேலையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. காயத்தோடு வருகிற ஒவ்வொருத்தருக்கும் இரண்டு இலக்கம் போட வேண்டும். எங்கே முறிந்தது என்பதற்கு ஒன்று. எப்படி முறிந்தது என்பதற்கு மற்றது. முதலாவதை டொக்ரர் எழுதின துண்டைப் பார்த்துப் போட்டுவிடலாம். இரண்டாவதற்கு ஆளைத்தான் கேட்க வேண்டும். இதற்கென்று தலையணை மொத்தத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகம் கொழும்பிலிருந்து சுற்றிச் சுழன்று வந்து சேர்ந்திருந்தது. உலகம் முழுக்க இதே இலக்கம்தானாம். முள்ளியவளையில் ஒருத்தன் சைக்கிளால் விழுந்தாலும் லண்டனில் ஒருத்தன் சைக்கிளால் விழுந்தாலும் இரண்டு பேருக்கும் வீ பதினெட்டு. இதைச் சொல்லும்போது இலக்கத்தாருக்குக் குரல் தழுதழுக்கும்.

வீ என்று தொடங்குகிறதெல்லாம் றோட்டில் நடந்த விபத்து. சைக்கிள்காரன் ஆளையோ மிருகத்தையோ இடித்தால் வீ பத்து. சைக்கிளும் சைக்கிளும் இடிபட்டால் வீ பதினொன்று. மரத்தில், மதிலில் கொண்டுபோய் விட்டால் வீ பதினேழு. ஒன்றிலும் இடிக்காமல் தன்பாட்டில் விழுந்தால்தான் அந்த வீ பதினெட்டு. காருக்கும் இருந்தது, ரெயிலுக்கும் இருந்தது. ஆனால் எங்களிடம் கார் எங்கே? பெற்றோல் எங்கே? தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போயாயிற்று. அந்தப் பக்கங்களெல்லாம் கை படாமல் புதுப் புத்தகமாகவே கிடந்தன. சைக்கிள் பக்கம் மட்டும் எண்ணெய் ஊறி, ஓரம் கிழிந்து, கோயில் தேவாரப் புத்தகம் மாதிரி இருக்கும்.

"பிள்ளை, ஒரு ரெயில் விபத்துக்கு இலக்கம் போடாமலே நான் செத்துப் போடுவன் போல கிடக்கு" என்று ஒருநாள் பெருமூச்சு விட்டார். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அவருக்கு நான் பிள்ளை.

சண்டைக் காயத்துக்கு வேறு பதிவுக் கொப்பி, வேறு ஆள், வேறு கொட்டில். அந்தக் கொட்டிலுக்கு எல்லோரும் ஓடுவார்கள். சைக்கிளால் விழுந்து கை முறித்துக்கொண்டு வருகிறவனுக்கு அந்த நாளில் ஒரு மரியாதையும் கிடையாது. "உதுக்கும் வந்திட்டியோ?" என்று கேட்பார்கள். அவனை யன்னலடிக்குக் கூப்பிட்டு, அவன் விழுந்த கதையை முதலிலிருந்து கடைசி வரை கேட்டு, அதற்கொரு இலக்கத்தையும் கொடுத்து மனிசனாக மதித்தவர் இலக்கத்தார் ஒருத்தர்தான். கொஞ்சம் கூடுதலாக மதித்துவிட்டார், அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு தகப்பன் வந்தார். ஒரே சைக்கிளில் ஐந்து பேர். தகப்பன் உழக்க, முன் பாரில் ஒரு பிள்ளை, கரியரில் மனிசி, மனிசியின் மடியில் கைப்பிள்ளை. ஐந்தாவது ஒரு ஆடு. அது கரியரின் பக்கத்தில் சாக்குக்குள் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கிரவல் சறுக்கிக் குடும்பத்தோடு வாய்க்காலுக்குள்.

"ஓட்டினது நீங்கள். நல்லது. அவா பிரயாணி. பாரில இருந்தவரும் பிரயாணி. ஏறேக்க விழுந்தனீங்களோ, இறங்கேக்கயோ, ஓடேக்கயோ?"

"ஓடேக்க ஐயா. கால் நோகுது ஐயா."

"இருங்கோ, இருங்கோ. இந்த ஆடு. இது பிரயாணியோ, சாமானோ?"

"ஆடு ஐயா அது."

"அது தெரியுது. அதுக்குக் காயமோ?"

"இல்லை ஐயா, அது நல்லாத்தான் இருக்கு."

இலக்கத்தாரின் முகம் வாடிவிட்டது. துண்டைத் தூக்கிக்கொண்டு டொக்ரரிடம் ஓடினார். டொக்ரர் இளம் பொடியன், இரண்டு நாள் நித்திரை இல்லாதவர். "ஐயா, நான் உங்களைக் கும்பிடுறன், ஆட்டை விட்டிடுங்கோ" என்றார்.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துச் சனத்திடம் ஒரு வழக்கம். சைக்கிளில் வருகிற ஒருத்தனை இன்னொருத்தன் தன் சைக்கிளால் இடித்துவிட்டால், இடித்தவனே கரியரில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு வருவான். வருகிற வழியிலேயே இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளுவார்கள். ஆள் இடித்தது என்று சொன்னால் விசாரணை வரும், கூப்பிடுவார்கள், நாலு நாள் அலைய வேண்டும். இடித்தவன் பார்த்தால் மச்சானாக இருப்பான், அல்லது நாளைக்கு வயல் உழ வரவேண்டியவனாக இருப்பான். ஆகையால் எல்லோருக்கும் ஒரே பதில்: "மாடு இடிச்சது ஐயா." மாட்டை ஒருத்தரும் விசாரணைக்குக் கூப்பிட மாட்டார்கள்தானே.

இந்தச் சங்கதி ஊர் முழுக்கத் தெரியும். டொக்ரருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இலக்கத்தாருக்கு மட்டும் தெரியாது. ஆசுப்பத்திரியில் வந்து ஒரு மனிசன் பொய் சொல்லுவான் என்று அவருக்கு யோசிக்கவே தெரியாது. ஒருத்தன் கன்னத்தில் சைக்கிள் பெல் வட்டமாக அப்படியே பதிந்து கிடக்க, "மாடு" என்றான். இடித்த மச்சான் பக்கத்தில் நின்று "ஓம் ஓம், பெரிய மாடு" என்றான். இலக்கத்தார் கண்ணாடியைத் தூக்கி அந்த வட்டத்தை உற்றுப் பார்த்தார்.

"பாவம், மாட்டின்ரை கழுத்து மணி பட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே வீ பத்துப் போட்டார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒழுங்காக வேலை செய்கிற மனிசர்தானே, "என்ன மாதிரி மாடு?" என்றும் கேட்கத் தொடங்கினார். கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? இல்லாத மாட்டுக்கு எங்கே நிறம் தேடுவது? பதிகிற யன்னலுக்கு நேரெதிரே, வாசல் பாலை மரத்தின் கீழ் ஒரு மாடு எப்போதும் படுத்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள்.

"சாம்பல் நிறம் ஐயா."

"கொம்பு?"

"இடக் கொம்பு உள்ளுக்கு வளைஞ்சு... வலக் கொம்பு... கொஞ்சம் பொறுங்கோ, அது திரும்பட்டும்... ஓம், வலக் கொம்பு நேர்."

அந்த மாடு என்னுடைய மாடு.

நான் கடற்கரையில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் நாலு காலில் நடந்த ஒரே சீவன் பூனை. இடம்பெயர்ந்து உள்ளுக்கு வந்தபோது, ஓமந்தைப் பக்கமாக வவுனியாவுக்குப் போன ஒரு குடும்பம் ஒரு இளம் பசுவைக் கொண்டுபோக வழியில்லாமல் என் கையில் கயிற்றைத் தந்துவிட்டுப் போனது. தோல் சாம்பலும் வெள்ளியுமாக மினுங்கினது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மீன் பேர்தான். சூடை என்று வைத்தேன். முதல் ஒரு மாதம் நான் அதற்குப் பயம், அது எனக்குப் பயம். பிறகு அந்தக் கொட்டிலில் நானும் அதுவும்தான். வேறு ஆட்கள் எனக்கில்லை.

சூடை என்னோடு வேலைக்கு வரும், பாலை மரத்தின் கீழ் படுக்கும், மணி அடிக்க என்னோடு வீட்டுக்கு வரும். ஒரு சைக்கிள் கிட்ட வந்தால் எழும்பித் தானே ஓரத்துக்குப் போகிற மாடு அது. அதைக் கொண்டுபோய்ப் பத்தொன்பது பேர் தங்களை இடித்தது என்று சொல்லிவிட்டார்கள்.

இலக்கத்தாருக்கு அது என் மாடு என்று தெரியாது. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவர் கொப்பியைப் பார்த்து வியந்துகொண்டிருப்பார்.

"பிள்ளை, இதைக் கேளும். இந்த மாடு செவ்வாய்க்கிழமை காலமை முள்ளியவளையில ஒருத்தரை இடிச்சிருக்கு. அண்டைக்கே மத்தியானம் ஒட்டுசுட்டான் றோட்டில இன்னொருத்தர். பின்னேரம் இங்க வந்து மரத்துக்குக் கீழ படுத்திருக்கு. என்ன ஓட்டம்! அது எப்ப நித்திரை கொள்ளுதோ தெரியேல்லை."

இப்படிச் சொல்லிக்கொண்டு நான் கொடுத்த தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிப்பார். ஊரில் சீனியும் இல்லை, பால்மாவும் இல்லை. எல்லோரும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிக்கிற காலத்தில் இலக்கத்தாருக்கு மட்டும் நல்ல பால் தேத்தண்ணி. அந்தக் கொலைகார மாட்டின் பால்தான் அது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலிடத்துக்கு இலக்கக் கணக்குப் போகும். அந்த முறை இலக்கத்தார் கடமை உணர்ச்சி கூடி, கணக்கோடு ஒரு குறிப்பும் வைத்து அனுப்பினார். இப்பகுதிச் சைக்கிள் விபத்துகளுக்குப் பெரும்பாலும் ஒரே மாடு காரணம், அதன் அங்க அடையாளம் இன்னின்னது என்று அழகான கையெழுத்தில்.

மேலிடம் என்றைக்கும் இல்லாத சுறுசுறுப்பாகப் பதில் போட்டது. ஒரு புதன்கிழமை, ஊர் அலுவல் பார்க்கிற விதானையார் கடிதத்தோடு வந்தார். றோட்டில் திரியும் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து ஒதுக்குப்புறத்துப் பட்டிக்கு அனுப்பவேண்டும். குறிப்பிட்ட அங்க அடையாளமுள்ள மாட்டை முதலில். திங்கட்கிழமை பெட்டி பூட்டின உழவு மெசினோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பாலை மரத்தைப் பார்த்து, "உதுதானே?" என்று கேட்டார்.

"உதுவேதான்!" என்றார் இலக்கத்தார் பெருமையாக.

அந்தப் பட்டி காட்டுக்கு அங்காலே எங்கேயோ. போன மாடு திரும்பி வந்ததாக ஒருத்தரும் சொன்னதில்லை. கட்டி வைத்தால் சரிதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கட்டியும் பார்த்தேன். கடிதத்தில் இருந்தது கொம்பின் அடையாளம், கட்டின மாட்டுக்கும் அதே வளைந்த கொம்புதானே.

அன்றைக்குப் பின்னேரம் தேத்தண்ணியை வைத்துவிட்டு நான் போகவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அறையில் இரண்டு வருசம் வேலை செய்தும் "ஓம் ஐயா", "இல்லை ஐயா" தவிர நான் வேறொன்றும் கதைத்ததில்லை.

"ஐயா, அவையள் பொய் சொல்லினம்."

"ஆர் பிள்ளை?"

"எல்லாரும். மாடு இடிக்கேல்லை ஐயா. சைக்கிள்தான் இடிச்சது. ஆளை மாட்டிவிடக் கூடாதெண்டு மாடெண்டு சொல்லுறவை."

"பொய்யோ? ஆசுப்பத்திரியிலயோ?"

"ஓம் ஐயா."

"கை முறிஞ்சு போய் நிக்கேக்கயோ?"

"ஓம் ஐயா. அந்த மாடு என்ர மாடு. நீங்கள் குடிக்கிறது அதின்ர பால்."

கோப்பையைக் கீழே வைத்தார். வெளியே பார்த்தார், சூடையும் அவரைப் பார்த்தது. பிறகு கோப்பையை எடுத்து மிச்சத்தையும் குடித்தார். கொப்பியைத் திறந்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு போனார். செத்த வீட்டில் முகம் பார்க்கிற மாதிரி இருந்தது.

"பத்தொன்பது பிழை" என்றார். "என்ர கையால பத்தொன்பது பிழையான இலக்கம். அது இப்ப கொழும்புக்குப் போய், அங்கயிருந்து உலகத்துக்கே போயிருக்கும். லண்டன்காரன் என்ன நினைப்பான்?"

எனக்குச் சூடைதான் நினைப்பு. அவருக்கு லண்டன்காரன். ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான் என்று அவரே கண்டுபிடித்தார்: திங்கட்கிழமைக்குள் பத்தொன்பது வீட்டுக்கும் போய்த் திருப்பிக் கேட்பது. உண்மையான இலக்கத்தைப் போட்டு, டொக்ரரின் கையெழுத்தோடு விதானையாரிடம் கொடுப்பது.

"நீரும் வாரும் பிள்ளை. பொம்பிளையள் என்னோட கதைக்காயினம்."

"கரியரில ஏறட்டே ஐயா?"

"வேண்டாம். விழுந்தால் இரண்டு துண்டு எழுதவேணும். நீர் உம்மட சைக்கிள்ல வாரும்."

என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது உண்மை. நாற்பத்தேழு வயதில் பழகினது. நேரே போகத் தெரியும். நிற்பாட்டத்தான் அவ்வளவாகத் தெரியாது. அதற்குப் பிறேக் கட்டையும் இல்லை. அந்த நாளில் ஒருத்தருடைய சைக்கிளுக்கும் பிறேக் கட்டை கிடையாது, காலால்தான் நிற்பாட்டுவது.

முதல் வீட்டில், தோள்மூட்டு எலும்பு முறிந்தவர் கட்டோடு முற்றத்தில் இருந்தார். அவரை இடித்தவர் பக்கத்தில் இருந்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். மாடோ?"

"மாடுதான் ஐயா."

"மாடுதான் ஐயா, நான் கண்டனான்" என்றார் விசிறினவர்.

இலக்கத்தார் புத்தகத்தை விரித்துத் தரையில் வைத்தார். "இஞ்ச பாருங்கோ. இது வீ பதினொண்டு. சைக்கிளும் சைக்கிளும். இதில ஆர்ரை சைக்கிள் எண்டு எழுத எங்கயாவது இடம் இருக்கோ? வடிவாத் தேடுங்கோ."

இரண்டு பேரும் குனிந்து தேடினார்கள். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் இடம் இல்லை என்பது தெரிந்தது.

"பேரே போகாதோ ஐயா?"

"பேருக்கு அங்க வேலையே இல்லை. இலக்கம் மட்டும்தான் போகும்."

விசிறினவர் விசிறியைக் கீழே வைத்தார். "அப்ப ஐயா, நான்தான் இடிச்சனான்" என்று சொல்லி அழுதுவிட்டார். முறிந்தவர், "அழாதை மச்சான், நானும் பிழையான பக்கத்தாலதானே வந்தனான்" என்று தானும் அழுதார். இலக்கத்தாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்தை வெட்டிப் பதினொன்றாக்கினார்.

பேர் போகாது என்ற கதை எங்களுக்கு முன்னாலே ஊருக்குள் ஓடிவிட்டது. அதன் பிறகு போன இடமெல்லாம் சனம் பாவமன்னிப்புக்கு நிற்கிற மாதிரி நின்றது. ஒருத்தன் உழக்கிக்கொண்டே நித்திரையாகி மதிலில் ஏறியிருக்கிறான். வீ பதினேழு. ஒருத்தர் எதிரே வந்த பெண்ணைப் பார்த்துத் தலைமயிரைக் கோதப் போய் விழுந்திருக்கிறார். வீ பதினெட்டு. அந்த வீட்டில் மனிசிதான் அவரை முந்திக்கொண்டு பதில் சொன்னா. கன்னத்தில் பெல் பதிந்த பொடியன், "மணி இல்லை ஐயா, பெல்தான்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "தெரியும் தம்பி, இப்ப தெரியும்" என்றார் இலக்கத்தார். கேட்காத சனமும் வந்து, நாலு வருசத்துக்கு முந்தி நான்தான் இன்னாரை இடித்தேன், அதற்கும் ஒரு இலக்கம் போடுங்கோ என்று வரிசையில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பத்தொன்பதும் முடிந்தது. உண்மையில் மாடு இடித்தது ஒரே ஒருவரைத்தான். அதுவும் அவருடைய சொந்த எருமை. வெட்கத்தில் சூடையின் தலையில் போட்டிருக்கிறார்.

திரும்பி வரும்போது குளக்கட்டில் ஒரு இறக்கம் வரும். இலக்கத்தார் எனக்கு முன்னாலே போய், கீழே இறங்கி, சைக்கிளைப் பூவரச மரத்தில் சாத்திவிட்டு, நடு றோட்டில் நின்று கொப்பியில் ஏதோ கூட்டிக்கொண்டிருந்தார். நான் மேலே இருந்து வருகிறேன். காலைத் தரையில் ஊன்றினேன், செருப்புக் கழன்று போய்விட்டது. "ஐயா" என்று கத்தியிருக்க வேண்டும். அந்த நேரத்திலும் எனக்குச் சத்தம் போட வெட்கம். "ஐயா, விலகுங்கோ" என்று மெதுவாகச் சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை.

அவர் றோட்டோரத் தண்ணிப் பள்ளத்துக்குள் கிடந்தார். கொப்பி மட்டும் நனையாமல் இடக்கையில் மேலே நின்றது. வலக்கை மணிக்கட்டு கோணலாகத் தொங்கினது.

"ஐயோ ஐயா! ஐயோ ஐயா!"

"கத்தாதையும் பிள்ளை, யோசிக்க விடும். நான் சைக்கிள்ல இருந்தனானோ, நிண்டனானோ?"

"நிண்டனீங்கள் ஐயா."

"வடிவாத் தெரியுமோ?"

"தெரியும் ஐயா, நான்தானே இடிச்சனான்!"

"அப்ப நான் பாதசாரி. பாதசாரிக்கு மேல சைக்கிள். வீ ஒண்டு." பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். "பிள்ளை, எங்கட கொப்பியில இதுவரைக்கும் ஒரு வீ ஒண்டும் வரேல்லை."

இரண்டு சைக்கிளையும் நான் உருட்ட, அவர் கையைக் கையால் தாங்கிக்கொண்டு நடந்து வந்தார். ஆசுப்பத்திரி வாசலில் உழவு மெசின் நின்றது. விதானையார் ஒருநாள் முந்தியே, கயிறும் கையுமாக வந்திருந்தார். சூடையின் கழுத்தில் ஒரு சுருக்கும் போட்டாயிற்று. அது கயிற்றை மென்றுகொண்டு நின்றது. வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம்.

எனக்கு இரண்டு பயம். மாடு போகப் போகிறது என்று ஒன்று. நான் ஆசுப்பத்திரி உத்தியோகத்தரின் கையை முறித்தவள் என்று ஊருக்குத் தெரியப் போகிறது, வேலையும் போகும் என்று மற்றது.

இலக்கத்தார் டொக்ரரிடம் போகவில்லை. நேரே யன்னலுக்குப் போய், நோயாளி நிற்கிற பக்கத்தில் நின்றார்.

"உள்ளுக்குப் போம் பிள்ளை. எனக்கு எழுத ஏலாது. நீர்தான் எழுதவேணும்."

"ஐயா, முதல் கையை..."

"முதல் இலக்கம். கேள்வி எல்லாம் கேட்கவேணும். ஒண்டும் விடக் கூடாது."

உள்ளே போய் அவர் கதிரையில் இருந்தேன். அவர் பையிலிருந்து எடுத்து நீட்டின பேனையில் மை இல்லை. மூன்றாவது பேனையில்தான் இருந்தது. கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது.

"றோட்டிலயோ, வீட்டு வளவுக்கையோ ஐயா?"

"சத்தமாக் கேளும்."

"றோட்டிலயோ, வளவுக்கையோ?"

"றோட்டில."

"எது... எது இடிச்சது?"

அவர் வாயைத் திறக்க முன்னம் விதானையார் வந்துவிட்டார். "உதென்ன கேள்வி? உந்த மாடுதான் இடிச்சிருக்கும். கடிதத்தில கிடக்குத்தானே. பாருங்கோ, கடைசியில எழுதினவரையே இடிச்சுப்போட்டுது!" கூட்டம் "ஓம் ஓம்" என்றது. வழக்கம்தானே.

ஒரு சொல். "மாடு" என்று அவர் சொன்னால் நான் தப்பினேன். சூடை போய்விடும்.

"மாடு இல்லை" என்றார் இலக்கத்தார். அவர் அவ்வளவு சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. "மாடு அவ்விடத்திலயே இல்லை. இங்க உங்கட கயிற்றில நிண்டிருக்கு, நீங்களே சாட்சி. எழுதும் பிள்ளை. பாதசாரி, மேல சைக்கிள். வீ ஒண்டு."

"ஆர்ரை சைக்கிள்?" என்றார் விதானையார்.

யன்னலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கை வீங்கி நாவற்பழ நிறத்தில் இருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு விதானையாரைப் பார்த்தார்.

"அதுக்குப் புத்தகத்தில இடமில்லை, விதானையார். வேணுமெண்டால் தேடிப் பாருங்கோ."

நான் எழுதினேன். என் கையால் எழுதின முதல் இலக்கம். ஒன்று போடுவது லேசுதானே என்று நினைப்பீர்கள். மூன்று தரம் வெட்டி எழுதினேன்.

டொக்ரர் வந்து திருத்தின கணக்கை வாசித்து, எருமை வரிக்கு வந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் கையெழுத்துப் போட்டார். விதானையார் வரி வரியாகப் பார்த்தார். ஏழாவது வரியில் கொஞ்சம் நின்றார். அந்த வரியில் இடித்தது அவருடைய மருமகன் என்பது பேர் இல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியும் போல. போய்ச் சூடையின் கழுத்துச் சுருக்கை அவிழ்த்து, பாதிக் கயிற்றைக் காணாமல் தேடினார். அது சூடையின் வயிற்றுக்குள்.

பிளாஸ்ரர் போட்டு ஆறு கிழமை. அந்த ஆறு கிழமையும் அவர் சொல்லச் சொல்ல நான்தான் இலக்கம் போட்டேன். மூன்றாம் நாள் காலமை வந்து பார்க்கிறேன், என் சைக்கிளுக்கு இரண்டு பிறேக் கட்டை. ரப்பர் செருப்பை வெட்டிச் செய்தது. இடக்கையால் பூட்டினது, கோணல் கோணலாக. இலக்கத்தார் ஒற்றைக் கால் செருப்போடு கதிரையில் இருந்து, என்னைப் பார்க்காமல், "தேத்தண்ணி ஆறப்போகுது பிள்ளை" என்றார். சூடையைக் கடந்து போகும்போதெல்லாம் அன்றிலிருந்து கொஞ்சம் விலகி, மரியாதைப்பட்டவருக்கு வழி விடுகிற மாதிரிப் போவார்.

பிறகு ஆசுப்பத்திரி இடம் மாறியது. நாங்களும் ஆளுக்கொரு திசையாய்ப் போனோம். அவர் அந்தப் புத்தகத்தை எண்ணெய்ச் சீலையில் சுற்றிக் கரியரில் கட்டிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கமாக உழக்கிக்கொண்டு போனதுதான் நான் கண்ட கடைசி. அவரை ஆர் இடித்தது என்று அந்த நாளில் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவர் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த இலக்கத்தில் ஆளின் பேருக்கு இடமில்லை. இங்கே கொஞ்சம் இடம் கிடக்கிறது, அதனால் எழுதுகிறேன். இடித்தது நான்தான், ஐயா. மழை வந்தால் அந்தக் கை இப்பவும் நோகுதோ?